கருப்பனும் நிறுத்த முடியாத வண்டி!

திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்குச் சாலை வழியாக வருகிறவர்களுக்கு அய்யலூர் என்றதும் நினைவுக்கு வருவது வண்டிக் கருப்பணசாமி. லாரிக்காரர் அங்கே வண்டியை ஓரங்கட்டுவார். வேன்காரர் ஓரங்கட்டுவார். நேற்று வாங்கிய புதுக் காரில் வருகிறவரும் ஓரங்கட்டுவார். ஒரு சூடம், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு சிதறுகாய், நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு. "அப்பனே, வண்டியையும் காப்பாற்று, என்னையும் காப்பாற்று" என்று ஒரு கும்பிடு. பிறகு ஏறி உட்கார்ந்து போய்க்கொண்டே இருப்பார்.

அந்தக் கும்பிடைக் கேலி செய்வதற்காக நாம் இதை எழுதவில்லை. அங்கே நடப்பதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இரவெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்து வந்த மனிதன் அந்த இடத்தில் கீழே இறங்குகிறான். காலை உதறுகிறான். முகத்தில் தண்ணீரை அடிக்கிறான். ஒரு கிளாஸ் டீ குடிக்கிறான். சாமி கண் திறந்ததோ இல்லையோ, தூங்கி விழ இருந்த டிரைவர் கண் திறந்துவிடுகிறான்! அவனைக் காப்பாற்றியதில் அந்த ஐந்து நிமிட ஓய்வுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது நமது கட்சி.

இனி, அதே கணவாய் வழியாகப் போகும் இன்னொரு பாதையைப் பாருங்கள். அது இரும்புப் பாதை. அதில் ஓடும் வண்டிக்கும் ஒரு டிரைவர் இருக்கிறார். அவருக்கும் கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கும் தூக்கம் வருகிறது. அவரால் அய்யலூரில் ஓரங்கட்ட முடியுமா? சூடம் கொளுத்த முடியுமா? பச்சை விழுந்தால் போக வேண்டும். சிவப்பு விழுந்தால் நிற்க வேண்டும். அவருடைய வண்டியைக் கருப்பனாலும் நிறுத்த முடியாது.

அந்த மனிதருக்கு ஓய்வு தரவேண்டியவர் யார்? இதுதான் இன்று நாம் பேசப்போகும் விஷயம்.

ஸ்டேஷனில் கண்டது

அய்யலூர் ஸ்டேஷன் பெரிய ஜங்ஷன் அல்ல. வையம்பட்டி, செட்டியபட்டி தாண்டி வருகிற இந்த ஸ்டேஷனுக்குத் தெற்கே கல்பட்டிச்சத்திரம், வடமதுரை, தாமரைப்பாடி, அதற்கப்பால் திண்டுக்கல். வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கும் தக்காளிக் கூடைக்கும் பெயர் பெற்ற ஊர் இது. ஆனால் விரைவு வண்டிகளுக்கு இது ஒரு ஊரே அல்ல. பெரும்பாலானவை நில்லாமல் பறந்துவிடும்.

அந்தப் பறக்கும் வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே சில வாலிபர்கள் வருகிறார்கள். கையில் காமிரா அல்லது செல்போன். தூரத்தில் ஹாரன் கேட்ட மாத்திரத்தில், வருவது என்ன எஞ்சின் என்று சொல்லிவிடுகிறார்கள். 'டபிள்யூ.ஏ.பி. 7', 6,000 குதிரைத் திறனுக்கு மேல் என்கிறார் ஒருவர். எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்று எழுத்தைப் படித்துச் சொல்லுகிறார் இன்னொருவர். 2023 செப்டம்பர் 24 முதல் ஓடும் திருநெல்வேலி - சென்னை வந்தே பாரத் வரும்போது கொண்டாட்டம்தான்!

இந்த ஆசையை நாம் குறை சொல்லமாட்டோம். எஞ்சின் என்பது மனித மூளையும் மனித உழைப்பும் சேர்ந்து பெற்ற பிள்ளை. அதைக் கண்டு மகிழ்வது உழைப்பைக் கண்டு மகிழ்வதே ஆகும். ஆனால் அந்த வாலிபர்களிடம் ஒன்று கேட்டோம்: "எஞ்சின் நம்பரைச் சொன்னீர்கள், ஷெட்டைச் சொன்னீர்கள். அதை ஓட்டி வந்தவர் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஏறினார், தெரியுமா?" அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குற்றம் அவர்கள்மேல் அல்ல. நாட்டில் யாருமே அதைக் கேட்பதில்லை.

கரியும் வியர்வையும்

இந்தப் பாதை நேற்று வந்தது அல்ல. திருச்சியிலிருந்து மதுரைக்குத் தண்டவாளம் வந்து சேர்ந்தது 1875-ல். போட்டது தென்னிந்திய இரயில்வே என்ற வெள்ளைக்காரக் கம்பெனி. கம்பெனியின் லாபம் இலண்டனுக்குப் போயிற்று. கல்லுடைத்து மண் சுமந்த கை இங்கேயே மண்ணாகப் போயிற்று. ஒரு மீட்டர் அகலமே உள்ள குறுகிய பாதை. அதில்தான் நூறு ஆண்டுகளுக்கு மேல் நீராவி எஞ்சின்கள் ஓடின.

திருச்சியைவிடத் திண்டுக்கல் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே தெற்கே வரும் வண்டி மேடேறித்தான் வரவேண்டும். சாலையில் கண்ணுக்குத் தெரியாத மேடுகூட இரயிலுக்குப் பெரிய மேடு. இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், பின்னால் நூற்றுக்கணக்கான டன் பாரம்!

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை 'ஒய்.பி.', 'ஒய்.ஜி.' எஞ்சின்கள். பயணிகள் வண்டிக்கு ஒய்.பி.; சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி. ஜாம்ஷெட்பூரில் நம்மவர் கைகளே அவற்றைப் பெருமளவில் செய்தன. கொதிகலனுக்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம். அந்த அழுத்தத்தைக் காப்பது பயர்மேனின் ஷவல். தண்ணீர் குறைந்தால் கொதிகலன் வெடிக்கும். தீ குறைந்தால் வண்டி மேட்டில் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே நின்றவன் தொழிலாளி.

ஸ்டேஷன் பெஞ்சியில் நம் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மீட்டர் கேஜ் காலத்தில் பயர்மேனாக இருந்து பிறகு டிரைவரானவர். "ஏத்தத்துல எப்படி இருக்கும், பெரியவரே?" என்று கேட்டோம்.

"ஏத்தத்துல பிரஷர் ஒருக்க விழுந்துச்சுன்னா லேசுல எந்திரிக்காது தம்பி. ஷவலக் கீழ வைக்கவே நேரமிருக்காது. கரிய ஒரே எடத்துல கொட்டப்புடாது, மூலைக்கு மூலை பரப்பணும். டிரைவர் கண்ணு பாதையில, எங்கண்ணு தண்ணிக் கண்ணாடியில. முன்னால நெருப்பு பொசுக்கும்; மழை பேஞ்சா முதுகு நனையும். எஞ்சின் கரியிலயும் தண்ணியிலயும் ஓடுச்சுன்னு சொல்லுவாங்க. அது பாதிதான் நெசம்."

மீதிப் பாதியை அவர் சொல்லவில்லை. அவருடைய உள்ளங்கை சொல்லிற்று.

ஆவி போயிற்று, ஆள்?

1961-லிருந்து மீட்டர் கேஜுக்கு 'ஒய்.டி.எம். 4' டீசல் எஞ்சின்கள் வரத்தொடங்கின. 1972-ல் சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி எஞ்சினைக் கட்டி முடித்தது. 1977 ஆகஸ்ட் 15-ல் வைகை எக்ஸ்பிரஸ் இந்தப் பாதையில் ஓடத்தொடங்கியபோது, மீட்டர் கேஜிலும் இவ்வளவு வேகமா என்று நாடே வியந்தது. 1990களில் அகலப் பாதை வேலை. பிறகு மின்சாரக் கம்பி. பிறகு இரட்டைப் பாதை. இன்று அய்யலூரில் கரிப்புகையும் இல்லை, 'சுக் சுக்' ஓசையும் இல்லை.

நல்லதே. பயர்மேனின் முதுகு ஒடிவதை நிறுத்திய விஞ்ஞானத்தை வாழ்த்துகிறோம். ஆனால் எஞ்சின் மாறியது போல எஞ்சினில் நிற்கும் ஆளின் வாழ்க்கை மாறியதா?

அன்று உடம்பைப் பிழிந்தது எஞ்சின். இன்று கண்ணையும் மூளையையும் பிழிகிறது. இப்போதைய மின்சார எஞ்சினில் ஒரு கருவி இருக்கிறது. டிரைவர் அறுபது விநாடிக்குள் ஏதேனும் ஒரு கைப்பிடியையோ பொத்தானையோ இயக்கவேண்டும். இயக்காவிட்டால் விளக்கு மின்னும், மணி அலறும், அதற்கும் அசையாவிட்டால் வண்டி தானாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். பயணிகளின் பாதுகாப்புக்காகத்தான். வேண்டும்தான். ஆனால் அந்தக் கருவி எதை ஒப்புக்கொள்கிறது? டிரைவருக்குத் தூக்கம் வரும் என்பதை இயந்திரம் ஒப்புக்கொள்கிறது! ஒப்புக்கொள்ளாதது யார்? டியூட்டிப் பட்டியல் போடுகிறவர்!

பெரியவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இப்ப எஞ்சினுக்குள்ள ஏசி போடுறாங்களாம். சந்தோசந்தான். ஆனா ராத்திரி மூணு மணித் தூக்கத்துக்கு அது இன்னும் சொகமாவுல்ல இருக்கும்!"

இன்னொன்று. இந்திய மண்ணில் முதல் பயணிகள் இரயில் ஓடியது 1853-ல். எஞ்சினுக்குள் கழிவறை வைத்த முதல் எஞ்சின் வந்தது 2016-ல். இடையே 163 ஆண்டுகள்! சுரேகா யாதவ் என்ற பெண்மணி 1980களின் இறுதியிலேயே எஞ்சினில் ஏறிவிட்டார். அவருக்குப் பின்னால் எத்தனையோ சகோதரிகள் ஏறிவிட்டார்கள். எல்லா எஞ்சின்களுக்கும் அந்த வசதி இன்னும் வந்துசேரவில்லை. 'டிரைவர்' என்ற பெயரை மாற்றி 'லோகோ பைலட்' என்று சூட்டியிருக்கிறார்கள். பெயர் ஆகாயத்துக்குப் போயிற்று; வசதி தரையிலேயே கிடக்கிறது!

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

உழைப்பாளி வாயை மூடிக்கொண்டு இருந்தானா? இல்லை. கேட்டான். ஒவ்வொரு தடவை கேட்டபோதும் என்ன கிடைத்தது என்பதைத் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

1928-ல் கேட்டான். நாகப்பட்டினம் பட்டறையைப் பொன்மலைக்கு மாற்றும் சாக்கில் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பத் தென்னிந்திய இரயில்வே கம்பெனி துணிந்த காலம் அது. ஜூலை மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. முதுமையை எய்திவிட்ட சிங்காரவேலர் முன்னின்றார். முகுந்தலால் சர்க்கார் முன்னின்றார். கிடைத்தது என்ன? 10 ஆண்டு சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனால் வழக்கின் நோக்கம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

1946-ல் கேட்டான். செப்டம்பர் 5. பொன்மலையில் சங்கத் திடலில் கூடியிருந்த தொழிலாளர்மீது மலபார் ஸ்பெஷல் போலீஸ் துப்பாக்கியைத் திருப்பிற்று. ஐந்து உயிர்கள் சாய்ந்தன. அந்த நாளில் இன்றும் பொன்மலையில் செங்கொடி ஏறுகிறது.

1973-ல் கேட்டான். வெள்ளையன் போய்விட்டான், நமது சர்க்கார். எஞ்சின் தொழிலாளர்கள் நாடு முழுவதும் எழுந்தார்கள். கையெழுத்துப் போட்டு ஏறியது முதல் இறங்கிக் கையெழுத்துப் போடும் வரை 10 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கமாட்டோம் என்று அன்றைய இரயில்வே மந்திரி எல். என். மிஸ்ரா ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். வாக்குறுதி வந்தது, நிறைவேற்றம் வரவில்லை.

1974-ல் மறுபடியும் கேட்டான். மே 8-ல் தொடங்கி 20 நாள். ஏறக்குறைய 17 இலட்சம் தொழிலாளர்கள். உலகமே திரும்பிப் பார்த்த வேலைநிறுத்தம்! எட்டு மணி நேர வேலை, போனஸ், நியாயச் சம்பளம், இவைதாம் கோரிக்கைகள். பல்லாயிரவர் சிறைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். இரயில்வே குடியிருப்புகளில் பெண்களையும் பிள்ளைகளையும் தெருவில் தள்ளினார்கள்.

தோற்றார்களா? அன்று தோற்றதாக எழுதினார்கள். 1977-ல் ஆட்சி மாறியது. நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். 1979-ல் இரயில்வே தொழிலாளிக்குப் போனஸ் வந்தது. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் பின்னால் வந்தவன். தொழிற்சங்கச் சரித்திரமே இதுதான்.

ஆனால் அந்தப் 'பத்து மணி' மட்டும் இன்னும் முழுதாக அறுவடையாகவில்லை. இன்றைய விதிப்படி ஒரே மூச்சாக வண்டி ஓட்டுவது 9 மணி. கையெழுத்து முதல் கையெழுத்து வரை 11 மணி. வண்டி வழியில் மாட்டிக்கொண்டால் அதற்கும் மேல் இழுக்கும். 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு எட்டு மணி நேர வேலை என்று எழுதிவைத்தது. நூறு ஆண்டு கடந்தும் எஞ்சினுக்கு அந்தக் கடிகாரம் எட்டவில்லை!

அரியலூரும் ரங்கபாணியும்

இதெல்லாம் டிரைவர்களின் சொந்தக் குறைதானே, நமக்கென்ன என்று யாரும் எண்ணவேண்டாம். இரண்டு விபத்துக்களைச் சொல்லுகிறோம்.

1956 நவம்பர் 22 இரவு. சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. திருச்சி, திண்டுக்கல், மதுரை வழியாகப் போகும் வண்டி. அதாவது மறுநாள் இந்த அய்யலூர் ஸ்டேஷனைத் தாண்டிப் போயிருக்கவேண்டிய வண்டி. வரவில்லை. 23-ஆம் தேதி விடியுமுன் அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளம் பாலத்தையொட்டிய கரையை அரித்திருந்தது. எஞ்சினும் பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. 140 பேருக்கு மேல் மாண்டார்கள். இந்தப் பாதையோரத்து ஊர்களில் அழாத ஊர் குறைவு. அன்றைய இரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பு என்னுடையது என்று சொல்லிப் பதவியை விட்டு விலகினார். அவருடைய கட்சியோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் அந்த ஒரு செயலை மதிக்கிறோம். வெள்ளத்தின் பழியை அவர் செத்துப்போன டிரைவர்மீது போடவில்லை.

2024 ஜூன் 17. மேற்கு வங்கத்தில் ரங்கபாணி ஸ்டேஷனுக்கு அருகில், நின்றுகொண்டிருந்த கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறத்தில் ஒரு சரக்கு வண்டி மோதிற்று. பத்துப் பேர் மாண்டார்கள். சரக்கு வண்டி டிரைவரும் மாண்டார். அவருடைய உடல் ஆறுமுன்னே, சிக்னலை மீறியவர் அவர்தான் என்று மேலிடத்திலிருந்து குரல் வந்தது. செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லப்போவதில்லை அல்லவா?

பிறகு என்ன ஆயிற்று? இரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்தார். தானியங்கிச் சிக்னல் அன்று காலை கெட்டுப்போயிருந்தது. டிரைவர்களுக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு முறையானதல்ல. வேகம் பற்றி அதில் குறிப்பு இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் வண்டியை எப்படி நடத்துவது என்ற பயிற்சியும் போதவில்லை. பல மட்டங்களில் நடந்த தவறுகளின் விளைவே இந்த விபத்து. எப்போது வேண்டுமானாலும் நிகழக் காத்திருந்த விபத்து என்று அவர் அறிக்கை தந்தார். முதல் நாள் ஓங்கி ஒலித்த குரலுக்கு இந்த அறிக்கைக்குப் பிறகு தொண்டை கட்டிக்கொண்டது.

1956-ல் மந்திரி விலகினார். 2024-ல் மாண்டவனே குற்றவாளி என்று முதலில் கைகாட்டினார்கள். எஞ்சின் முன்னேறியிருக்கிறது, மேலிடத்தின் மனம் பின்னேறியிருக்கிறது!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2024 ஜனவரியில் உதவி டிரைவர் வேலைக்கு 5,696 இடங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். ரங்கபாணி விபத்து நடந்த அதே ஜூனில் அது 18,799 ஆயிற்று. ஐந்து மாதத்தில் பதின்மூன்றாயிரம் இடம் எங்கிருந்து முளைத்தது? அத்தனை பேருடைய வேலையையும் அதுவரை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? இருக்கிற டிரைவர்கள்தாம்! தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தார்கள்.

கேட்பது சலுகை அல்ல

அந்த 2024 ஜூன் மாதமே தெற்கு இரயில்வேயின் எஞ்சின் தொழிலாளர்கள் ஒரு புதுமையான போராட்டம் நடத்தினார்கள். வண்டியை நிறுத்தவில்லை, கொடி பிடித்துத் தண்டவாளத்தில் உட்காரவில்லை. வார ஓய்வை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்! வண்டி முடித்து வீடு திரும்பினால் சாதாரணமாகக் கிடைக்கவேண்டிய 16 மணி. அதோடு வார ஓய்வு 30 மணி. ஆக 46 மணி கழித்துத்தான் ஏறுவோம் என்றார்கள். தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் வேலை வேண்டாம் என்றார்கள். வீட்டை விட்டுக் கிளம்பினால் 72 மணி நேரம் வெளியூரிலேயே அலையவிடாமல் 48 மணிக்குள் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள்.

இதற்கு என்ன பதில்? சிலருக்கு இடமாற்றம், சிலருக்கு சஸ்பென்ஷன். ஓய்வெடுத்த குற்றத்துக்குத் தண்டனை!

தோழர்களே, மில்லில் வேலை செய்யும் நீங்கள் அறிவீர்கள்; தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் நீங்கள் அறிவீர்கள். ஞாயிறு ஒரு நாள் விடுமுறை என்றால், சனி மாலை வீடு திரும்புகிறவன் திங்கள் காலைதான் போகிறான். நடுவே இரண்டு இரவும் ஒரு பகலும் இருக்கின்றன. ஆயிரம் உயிரைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறவனுக்கு அது கிடையாதா? அவன் கேட்பது சலுகை அல்ல. மற்றவனுக்கு இருப்பது எனக்கும் வேண்டும் என்கிறான்.

காசில்லை என்பார்கள். புது வண்டிக்குக் காசிருக்கிறது. ஸ்டேஷன் முகப்புக்குக் காசிருக்கிறது. பச்சைக் கொடி காட்டும் விழாவுக்குக் காசிருக்கிறது. பச்சைக் கொடியைப் பார்த்து வண்டியை எடுக்கும் கண்ணுக்குத் தூக்கம் கொடுக்க மட்டும் காசில்லையா?

நாம் செய்யவேண்டியது

பொன்மலைப் பட்டறையில், ஊட்டி மலை இரயிலுக்காக இந்த நூற்றாண்டிலேயே புது நீராவி எஞ்சின்களைக் கட்டினார்கள் நம் தொழிலாளர்கள். பெரம்பூர்ப் பட்டறையில் 1855-ஆம் ஆண்டு எஞ்சினைப் பழுது பார்த்து 2010-ல் மறுபடி ஓடவிட்டார்கள். செத்த எஞ்சினுக்கே உயிர் கொடுக்கத் தெரிந்த வர்க்கம் இது. உயிரோடிருக்கும் டிரைவருக்கு ஓய்வு வாங்கித் தரவா தெரியாது?

எஞ்சின் பிரியர்களான அந்த வாலிபர்களுக்கு நாம் சொன்னது இதுதான். எஞ்சினைப் படம் எடுங்கள். நம்பரைக் குறியுங்கள். கூடவே ஜன்னலில் தெரியும் அந்த முகத்தையும் பாருங்கள். அவர் எத்தனை இரவாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள். கேட்டதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். கட்சித் தோழர்களுக்கும் அதையே சொல்லுகிறோம். எஞ்சின் தொழிலாளி கோரிக்கை வைக்கும்போது அது 'இரயில்வேக்காரன் பிரச்னை' என்று ஒதுங்கி நிற்காதீர்கள். உங்கள் தெருமுனைக் கூட்டத்தில் சொல்லுங்கள். டிக்கெட் வாங்கி ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு என்று சொல்லுங்கள்.

நாம் திரும்பும்போது இருட்டிவிட்டது. சாலையில் ஒரு லாரி கருப்பணசாமியிடம் ஓரங்கட்டியது. டிரைவர் இறங்கினார்; சூடம் எரிந்தது; முகம் கழுவினார்; டீ குடித்தார். அதே நேரத்தில் தண்டவாளத்தின் பக்கம் ஒரு ஹாரன் நீளமாகக் கேட்டது. வண்டி நிற்காமல் போயிற்று.

லாரி டிரைவருக்கு ஓய்வு தரக் கருப்பன் இருக்கிறான். இரயில் டிரைவருக்கு ஓய்வு தரச் சங்கம்தான் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் கையைப் பலப்படுத்துவோம்!